புத்தகம் வாங்கும் முன் வாரிசுகளை எண்ணுங்கள்

மார்த்தாண்டத்தில் நகல் எடுக்கும் சிறிய கடை ஒன்றை நடத்திக்கொண்டு, அதன் ஓரமாகப் பழைய நூல்களை வாங்கியும் விற்றும் வருகிறேன். 2017ஆம் ஆண்டு ஒரு வீட்டு நூலகத்தை மொத்தமாக விலைக்கு வாங்கினேன். அதன் பிறகு வந்த இரண்டு ஆண்டுகளில் என் சேமிப்பும் மனைவியின் நகையும் உறக்கமும் எங்கே போயின என்பதை இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது. பழைய நூல்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் அரிய பதிப்பு கையில் கிடைத்த பரவசத்தை எழுதுகிறார்கள். அந்தப் பதிப்புக்குப் பின்னால் வரும் மழை, கடன், காவல் நிலையம் ஆகியவற்றை அவர்கள் எழுதுவதில்லை. இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் அவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

குழித்துறையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஊரில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. அவருடைய பாட்டனார் மிஷன் உபதேசியாராக இருந்தவர். 1820ஐ ஒட்டி லண்டன் மிஷன் சங்கத்தார் நாகர்கோவிலில் அச்சகம் வைத்ததிலிருந்து எங்கள் பகுதியில் இத்தகைய குடும்பங்களில் அச்சு நூல் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. மூன்று தலைமுறை சேர்த்த சுமார் 600 நூல்கள் அந்த வீட்டில் இருந்தன. மகன் என்னை அழைத்து, "அண்ணே, ஆக்ரிக்காரன் (பழைய பொருள் வாங்குபவர்) கிலோவுக்குப் பத்து ரூபா சொல்லுதான், நீங்க வந்து பாருங்க" என்றார். நாகர்கோவிலில் அச்சான துண்டுப் பிரசுரங்கள், 1862இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி, 1906இல் நாகம் ஐயா எழுதிய திருவிதாங்கூர் கையேட்டின் மூன்று தொகுதிகள், வைத்திய நூல்கள், குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள் (தெருவில் மலிவாக விற்ற பாட்டு நூல்கள்), நான்கு ஓலைச்சுவடிக் கட்டுகள் ஆகியவற்றைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. 1,40,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். ஒரு லட்சத்தை நகைக் கடனாக எடுத்து, மீதியைச் சேமிப்பிலிருந்து போட்டு, முழுவதையும் ரொக்கமாகக் கொடுத்து, டெம்போவில் ஏற்றி வந்தேன். பழைய நூல் வியாபாரத்தில் ஏறக்குறைய எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்: பேச்சு வாயோடு முடியும், பணம் கையோடு மாறும், துண்டுச் சீட்டுக்கூட இருக்காது.

விலை பேசும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதி நூல்களில் முதல் சிக்கல் ஆண்டு. திருவிதாங்கூரில் அச்சான நூல்களில் கொல்லம் ஆண்டு போடப்பட்டிருக்கும். அது ஆவணியில் பிறப்பதால், ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரையிலான மாதங்களுக்கு 824ஐயும் அதற்குப் பிந்திய மாதங்களுக்கு 825ஐயும் கூட்ட வேண்டும். சென்னையில் அச்சானவற்றில் சர்வசித்து, விரோதி என்று அறுபதாண்டுச் சுற்றின் பெயர் மட்டும் இருப்பதுண்டு. சர்வசித்து என்றால் 1827ஆகவும் இருக்கலாம், 1887ஆகவும் இருக்கலாம், 1947ஆகவும் இருக்கலாம். காகிதத்தையும் எழுத்துருவையும் அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது என்று சொல்ல முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதிக் காகிதம் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டது. இன்றும் துவண்டு வளையும். பிற்பாதியில் மரக்கூழ்க் காகிதம் வந்தது. அதிலுள்ள அமிலம் தாளைப் பழுப்பாக்கி, மடித்தால் முறியும்படி செய்துவிடுகிறது. ஆகவே 1840இல் அச்சான நூல் 1910இல் அச்சானதைக் காட்டிலும் இளமையாகத் தோன்றினால் சந்தேகப்பட வேண்டியதில்லை. இன்னொன்று: நூல்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1867ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் உரியது. நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. எனவே அங்கே அச்சான ஒரு நூல் சென்னை மாகாணப் பட்டியல்களில் காணப்படவில்லை என்பதற்காக அதை "உலகில் ஒரே பிரதி" என்று விளம்பரம் செய்வதில் பொருளில்லை. அப்படி விளம்பரம் செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் எண்ண வேண்டும். முகப்பு ஏடு, சிறப்புப்பாயிரம், முன்னுரை, பிழைதிருத்தம், கடைசியில் வரும் விளம்பர ஏடுகள் என்று எல்லாவற்றையும் எண்ண வேண்டும். முன்பகுதிக்குத் தனிப் பக்க எண் இருக்கும். அச்சு நூல் பாரம் பாரமாக (பல பக்கங்கள் அச்சான ஒரு பெரிய தாள் ஒரு பாரம்) மடித்துத் தைக்கப்படுவதால், ஒரு பாரம் விழுந்திருந்தால் பதினாறு பக்கம் ஒரேயடியாகக் காணாமற்போகும். நூலின் தடிமனை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. முகப்பு ஏட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மற்ற ஏடுகளில் தெரியும் காகித வரிகள் அதில் தெரியாவிட்டால், பிற்காலத்தில் நகலெடுத்து ஒட்டியது என்று பொருள். நகல் கடைக்காரன் என்பதால் இது மட்டும் என் கண்ணுக்கு உடனே பட்டுவிடும். பழைய முகப்பையே அப்படியே படமெடுத்து அச்சிட்ட மறுபதிப்புகளும் சந்தையில் ஏராளம். அவற்றில் முகப்புக்குப் பின்பக்கத்தைப் படித்தால் உண்மை தெரிந்துவிடும். மூத்த பதிப்புக்குத்தான் எப்போதும் மதிப்பு என்றும் நினைக்க வேண்டாம். கால்டுவெல் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தின் முதல் பதிப்பு 1856இல் வந்தது. ஆனால் அவரே திருத்தி விரித்த 1875ஆம் ஆண்டுப் பதிப்பைத்தான் ஆராய்ச்சியாளர்கள் கேட்டு வருகிறார்கள், ஏனெனில் 1913இல் வந்த மூன்றாம் பதிப்பில் சில பகுதிகள் விடுபட்டுப்போயின. அதே சமயம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏற்றப்பட்டுவிட்ட நூலைப் படிப்பதற்காக யாரும் பணம் கொடுத்து வாங்குவதில்லை. அதை வைத்திருக்க ஆசைப்படுபவர் மட்டுமே வாங்குவார். அவருக்கு உள்ளடக்கத்தைவிட நூற்கட்டும் தாளின் ஓரமும் முக்கியம். உள்ளூர்ப் பைண்டர் ஓரத்தை வெட்டிச் சமப்படுத்திய பிரதி அவருக்கு வேண்டாம்.

நூல்களைக் கடைக்குப் பின்னால் இருந்த ஓட்டு அறையில் அடுக்கினேன். எங்கள் மாவட்டத்துக்கு இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஆண்டில் பாதி நாள் காற்றில் ஈரம் இருக்கும். அது தெரிந்ததால் வேப்பிலையும் அந்துருண்டையும் போட்டு வைத்திருந்தேன். இரண்டும் பூஞ்சாணத்தைத் தடுப்பதில்லை என்பதையும், நன்றாக உலராத வேப்பிலை தானே ஈரத்தைக் கொண்டுவருகிறது என்பதையும் பிறகுதான் அறிந்தேன். ஆனால் வந்தது சாதாரண மழை அன்று. 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் அடித்தது. ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன; என் அறையின் ஓடுகள் பறந்தன; இரண்டு அடுக்கு நூல்கள் முழுவதும் நனைந்தன. கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் ஊர் ஊராக ஓலம் எழுந்த நாள்கள் அவை. புத்தகம் நனைந்தது என்று வெளியில் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போதும் அந்தக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

நனைந்த நூலை என்ன செய்வது என்பதை அன்று சொல்ல ஆளில்லை. வெயிலில் பரப்பினேன்; தாள்கள் சுருண்டு விறைத்துப்போயின. நிழலில், காற்றோட்டத்தில், அட்டையை விரித்து நிமிர்த்தி நிறுத்தி, இருபது முப்பது பக்கங்களுக்கு ஒரு வெற்றுத் தாளைச் செருகி, அது ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எழுத்து அச்சான செய்தித்தாளைச் செருகினால் அதன் மை ஒட்டிக்கொள்ளும். படங்கள் உள்ள வழவழப்பான தாளை ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் உலர விட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. திருவிதாங்கூர் நூல் ஒன்றின் படங்களை நான் அப்படித்தான் இழந்தேன். எங்கள் தட்பவெப்பத்தில் இரண்டு மூன்று நாள்களுக்குள் பூஞ்சாணம் பிடித்துவிடும். அதற்குள் எல்லாவற்றையும் உலர்த்த முடியாவிட்டால், நெகிழித் தாளில் தனித்தனியாகச் சுற்றி உறைபெட்டியில் வைத்துவிட்டுப் பின்னர் ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம் என்பது நூலகங்களின் முறை. நாள்கணக்கில் மின்சாரமே இல்லாத ஊரில் அதை அறிந்திருந்தாலும் பயனில்லாமற்போயிருக்கும். சுமார் 35,000 ரூபாய்க்குப் போகும் என்று நான் கணித்திருந்த நூல்கள் அன்றோடு போயின. இப்போது இரும்பு அடுக்கில், தரையிலிருந்து அரையடி உயரத்தில், சுவரை ஒட்டாமல் வைக்கிறேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று மாட்டியிருக்கிறேன். அது 65 விழுக்காட்டைத் தாண்டினால் மின்விசிறி ஓடும். கிழிந்த தாளில் செல்லோ டேப் ஒட்டுபவர்களையும், நூலைக் காப்பதாக எண்ணி லேமினேஷன் செய்பவர்களையும் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுக்க விரும்புகிறேன். டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்புக் கறையாகிவிடும். லேமினேஷனைத் திரும்ப எடுக்கவே முடியாது.

கடன் வட்டி ஏறிக்கொண்டிருந்ததால் 2018இன் தொடக்கத்தில் அவசரமாக விற்க முற்பட்டேன். வெளியூர் வியாபாரி ஒருவர் படங்களைப் பார்த்துவிட்டு, வின்சுலோ அகராதி உட்பட மூன்று நூல்களை 52,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகவும், நேரில் பார்த்தபின் மீதியைத் தருவதாகவும் சொல்லி 15,000 ரூபாய் முன்பணம் அனுப்பினார். பார்த்துத் திருப்பும் முறை இத்தொழிலில் உள்ளதுதான். நான்கு மாதம் கழித்து, 22,000 ரூபாய் போட்டிருந்த அகராதி மட்டும் திரும்பி வந்தது. மற்ற இரண்டுக்கும் மீதித் தொகை இன்றுவரை வரவில்லை. வந்த அகராதியைத் திறந்தபோது, அது நான் அனுப்பிய பிரதியே அன்று. என்னுடையதில் முகப்பிலிருந்து ஏறக்குறைய நாற்பது ஏடுகளுக்கு இராமபாணப் பூச்சி துளைத்த வளைந்த பாதை ஒன்று இருந்தது. வந்த பிரதியில் துளையே இல்லை, கடைசிச் சில ஏடுகளும் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, "சார், நீங்க அனுப்புனது இதுதான்" என்று சொல்லிவிட்டார். பூச்சி துளைத்த தாள் தானாக மூடிக்கொள்ளும் வித்தையை அவரிடம் கற்றுக்கொள்ள ஆசைதான். என்னிடம் படம் இருந்தது. அதே நூலைத்தான் அனுப்பினேன் என்று அவர் ஒப்புக்கொண்ட எழுத்து எதுவும் இல்லை. அதிலிருந்து, நூல் அனுப்பும் முன் முகப்பு, கடைசி ஏடு, பூச்சித் துளை, கறை, முன்னாள் உடைமையாளரின் கையெழுத்து ஆகியவற்றின் படங்களை வாங்குபவருக்கு அனுப்பி, "இந்தப் பிரதியைத்தான் பெறுகிறேன், இத்தனை நாளுக்குள் திருப்புவேன்" என்ற பதிலைப் பெற்றபின்தான் பொதி கட்டுகிறேன். பூச்சித் துளை விலையைக் குறைக்கும் என்று வருந்துவோர் உண்டு. ஆனால் ஒரு பிரதியை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதில் அதற்கு இணையான அடையாளம் வேறில்லை.

இவையெல்லாம் சிறியவை. அவ்வாண்டு ஐப்பசியில், நெய்யாற்றின்கரையில் வாழும் தலைமையாசிரியரின் மகள் தம் கணவரோடு என் கடைக்கு வந்தார். "எங்க அப்பாவுக்க புத்தகத்த விக்கதுக்கு அண்ணனுக்கு மட்டும் ஆரு அதிகாரம் குடுத்தா சார்?" என்று கேட்டார். அவருடைய தாயார் உயிரோடிருக்கிறார் என்பதும், மகளோடுதான் வசிக்கிறார் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மகளுக்கு ஸ்திரீதனம் கொடுத்தாகிவிட்டது, அவளுக்கு இனிப் பங்கில்லை என்பது அண்ணனின் எண்ணம். பழைய திருவிதாங்கூர்க் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டம் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் இன்றும் அதையே சட்டமென்று நம்புகிறார்கள். ஆனால் மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்துவிட்டது. அதன்படி உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டை மகனும் மகளும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதாவது, எனக்கு நூலகத்தை முழுவதுமாக விற்றவருக்கு அதில் உரியது மூன்றில் ஒன்று மட்டுமே. இந்துக் குடும்பங்களில் கணக்கு வேறு. அங்கே தாயும் மனைவியும் மகனும் மகளும் சம பங்காளிகள். வீடு, நிலம் என்றால் எல்லோரும் பத்திரம் பார்க்கிறோம். அலமாரி நிறைய நூல் என்றால் சாவி வைத்திருப்பவரையே சொந்தக்காரராக எடுத்துக்கொள்கிறோம்.

புகார் காவல் நிலையத்துக்குப் போனது. இது சிவில் விவகாரம் என்று சொல்லிவிட்டாலும், முடிவு தெரியும்வரை எதையும் விற்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். திருட்டுப் பொருள் வாங்கியவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள்; அது எனக்கு வட்டியைவிட வலித்தது. கடைக்கு நகலெடுக்க வருகிறவர்களிடம் நானாகவே விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டேன் என்று மனைவி சொன்னபோதுதான் என் நிலை எனக்கே தெரிந்தது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு என்று வழக்கறிஞர் விளக்கினார். கூட்டு உடைமையாளர் ஒருவர், மற்றவர்களின் இசைவோடு தம் வசம் மட்டும் வைத்திருந்த பொருளை விற்று, வாங்கியவர் நல்லெண்ணத்தில் வாங்கியிருந்தால், உடைமை வாங்கியவருக்கு மாறும். தாயார் வீட்டுச் சாவியை மகனிடம் விட்டுப்போனதை இசைவு என்று வாதாடலாம்; ஆனால் அந்த வாதம் முடிய ஆண்டுக்கணக்காகும், அதற்குள் நூல்களையும் விற்க முடியாது. ஆகவே சமரசத்துக்கு இறங்கினேன். அண்ணன் வாங்கிய பணத்தை ஏற்கெனவே செலவழித்துவிட்டிருந்தார். தாய்க்கும் மகளுக்குமாக நான் 60,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். வழக்கறிஞர் கட்டணம் 12,000. மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் நூல்பட்டியல் இணைக்கப்பட்டது. அந்தத் தாளை வாங்கும் நாளிலேயே எழுதியிருந்தால் முத்திரைத்தாள் விலையோடு முடிந்திருக்கும். இப்போது யார் அழைத்தாலும், இறந்தவரின் வாரிசுச் சான்றிதழ் நகலைக் கேட்கிறேன். அதிலுள்ள அனைவரும் பட்டியலில் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் குறைந்தது எழுத்தில் இசைவு அனுப்ப வேண்டும். பணம் வங்கி வழியாக மட்டுமே போகும். இப்படிக் கேட்டதும் பாதிப்பேர் திரும்ப அழைப்பதில்லை.

பட்டியல் போட்டபோது இன்னொன்று வெளிப்பட்டது. சில நூல்களில் பள்ளிக்கூட முத்திரையும், சிலவற்றில் மூடப்பட்ட வாசகசாலை ஒன்றின் முத்திரையும் இருந்தன. நீக்கப்பட்டது என்ற முத்திரையோ குறிப்போ இல்லாத நூலக நூலை விற்காதீர்கள். தலைமையாசிரியர் இரவல் எடுத்தாரா, குப்பைக்குப் போனதைக் காப்பாற்றினாரா என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது. பள்ளி நூல்களைத் திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கடிதம் வாங்கினேன். வாசகசாலை நூல்கள் இன்னும் என்னிடமே இருக்கின்றன.

ஓலைச்சுவடிகள் தனிக் கதை. வர்மமும் வைத்தியமும் எழுதப்பட்ட அந்தக் கட்டுகளுக்கு, வெளிநாட்டில் வசிக்கும் ஒருவர் நூலகம் முழுவதுக்கும் நான் கொடுத்த விலையில் பாதியைத் தருவதாகச் சொன்னார். கடன் கழுத்தை நெரித்த நேரம் அது. ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி, 75 ஆண்டுக்குக் குறையாத, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி தொல்பொருளாகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகம் மூன்று ஆண்டு சிறை. உள்நாட்டில் தொல்பொருள் விற்பனையைத் தொழிலாகச் செய்வதற்கே உரிமம் வேண்டும். நூறாண்டு கடந்த அச்சு நூலை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தாலும், முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அன்று என்ற சான்றைக் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பானது. தாயாரின் விருப்பப்படி சுவடிகள் திருவனந்தபுரம் காரியவட்டத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகக் கையெழுத்துப் பிரதிகள் நூலகத்துக்குப் போயின. சமரசத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்தார் அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து ஒரு காரியத்துக்கு வந்தது அன்றுதான்.

கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். வாங்கிய விலை 1,40,000, இரண்டு ஆண்டு வட்டி ஏறக்குறைய 24,000, சமரசம் 60,000, வழக்கறிஞர் 12,000, அடுக்குகள், தாள், செப்பனிடும் செலவு 9,000. ஆக 2,45,000 ரூபாய். 2019 முடிவுவரை விற்றது 1,68,000. குறைவு 77,000 ரூபாய். மிஷன் அச்சு நூல்களைத் தனித்தனியாக விற்றிருந்தால் குறைவு சற்றுச் சுருங்கியிருக்கும். ஆனால் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பு சிதறாமல் மொத்தமாகப் போனதால்தான் 1994 முதல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது என்பதை எண்ணி, நாகர்கோவில் பிரசுரங்களை மட்டும் உடைக்காமல் ஒரே கட்டாக வைத்திருக்கிறேன். அவற்றை மொத்தமாக ஒரு நிறுவனம் கேட்டால் விலையில் இறங்கி வரத் தயார். பட்டியலும் படங்களும் மூன்று கையெழுத்துள்ள ஒப்பந்தத்தின் நகலும் சேர்த்தே தருவேன்.